போகியில் போன பட்டாம்பூச்சி

இரண்டும் ஒரே இனப் பட்டாம்பூச்சிதான் என்று நான் சொன்னபோது விலங்கியல் ஆசிரியர் சிரித்தார். மழைக்காலத்தில் பிடித்ததற்கு இறக்கையின் அடிப்புறத்தில் வரிசையாகக் கண் போன்ற புள்ளிகள். கோடையில் பிடித்தது அச்சு அசல் காய்ந்த இலை. "கண்ணு இருக்கிறது ஒரு இனம், இல்லாதது வேற இனம். லேபிளை மாத்தி எழுதும்மா, இல்லைன்னா பூச்சிப் பெட்டிக்கு மார்க் கிடையாது" என்றார்.

எழுத மாட்டேன் என்றேன். இறுதியாண்டு வேறு. ஆனால் திருவொற்றியூர் தண்டவாள ஓரப் புல்லில் இரண்டு வருடம் அலைந்தவள் நான். அவர் அந்தப் புல்லை ரயிலில் இருந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

"வளர்த்துக் காட்டறேன் சார். கண்ணு இருக்கிறது போட்ட முட்டையிலேர்ந்தே, மழை விட்டப்புறம் கண்ணு இல்லாதது வரும்."

கார்த்திகை மழை விட்டதும் கண்ணுள்ள தாய்ப்பூச்சி ஒன்றைப் பிடித்து, புல் நட்ட தொட்டியோடு கொசுவலைக்குள் விட்டேன். புல்லின் அடியில் முத்துமுத்தாக முட்டையிட்டது. பொரிந்த புழுக்கள் புல்லோடு புல்லாகிவிட்டன. தலையிலிருந்த இரண்டு குட்டிக் கொம்புகளைத் தேடித்தான் எண்ணுவேன். எறும்புக்குப் போக மிஞ்சியது ஒன்று. அது நாலைந்து முறை தோலுரித்து, மார்கழிக் கடைசியில் ஒரு புல்லிதழில் பச்சைக் கூடாகத் தலைகீழாய்த் தொங்கியது. போகிக்கு முதல் நாள் கூடு கறுத்தது. காலையில் பூச்சி வெளியே வந்துவிடும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

எழுந்தபோது வாசலில் பழைய பாய் எரிந்துகொண்டிருந்தது. தொட்டி காலி.

"புல்லு எங்கேம்மா?"

"அத்தயும் நெருப்புல போட்டுட்டேன். பூச்சிதான் பறந்து பூட்ச்சே. வெறுங்கூடுதான் தொங்கிகினு இருந்துச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"பாக்காம இன்னா? காஞ்ச எல ஒண்ணு ஒட்டிகினு இருந்துச்சு, அவ்ளோதான்."

புல்லில் ஏது அப்படியொரு இலை? எனக்கு அழுகை பீறிட்டது. அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன்; இன்றும் நினைத்தால் கூசுகிறது. விஷயம் புரிந்ததும் அவள் சாம்பலைக் கிளறிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் என்னோடு ரயில் ஏறினாள்.

"பூச்சி எங்கே?" என்றார் ஆசிரியர்.

அம்மா முந்திக்கொண்டாள். "நான்தான் சார் கொளுத்திட்டேன். எலன்னு நெனச்சிட்டேன்."

"கண்ணு இருந்திருக்கும்மா. நீங்க சரியா கவனிச்சிருக்க மாட்டீங்க."

"கண்ணு இருந்திருந்தா நான் இன்னாத்துக்கு சார் கொளுத்தப் போறேன்?"

அவர் என் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, லேபிளை மாற்றச் சொல்லாமலே மதிப்பெண் போட்டார்.