தாம்பாளத்துத் தலை

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் சாலையில், இப்போது ஒரு பெட்ரோல் பங்க் நிற்கும் இடத்தில்தான் என் அம்மாவின் தலை இருந்தது. தலை மட்டும். பித்தளைத் தாம்பாளத்தின் நடுவில், சுற்றிலும் சாமந்திப்பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு கண்ணை உருட்டிப் பேசும். வெளியே தகரப் பலகையில் 'மாத்தாடோ தலெ' என்று கன்னடத்தில் எழுதியிருக்கும். பேசும் தலை என்று அர்த்தம். ஊட்டிக்குப் போகிற டூரிஸ்ட் பஸ்களும் வேன்களும் லாரிகளும் அங்கே நிற்காமல் போகாது. அந்தப் பெட்ரோல் பங்க்கைக் கண்டால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அது ஒரு பாவமும் செய்யவில்லை என்று தெரிந்தும் வருகிறது.

வித்தை ரொம்பச் சாதாரணம். மேசைக் கால்களுக்கு நடுவே இரண்டு கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். மூன்று பக்கமும் ஒரே சிவப்புத் திரை. கண்ணாடியில் தெரிகிற பக்கத்துத் திரையைப் பின்னால் இருக்கும் திரை என்று நினைத்து, மேசைக்கு அடியில் காலியாக இருக்கிறது என்று ஜனங்கள் நம்பிவிடுவார்கள். அந்தக் காலி இடத்தில் ஒரு முக்காலி போட்டு, மேசையிலும் தாம்பாளத்திலும் வெட்டிய ஓட்டை வழியாகத் தலையை மட்டும் நீட்டி, அம்மா ஒடுங்கி உட்கார்ந்திருப்பாள். மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஓட்டக் கை கிடையாது. கை கீழே சும்மாதான் கிடந்தது, ஆனால் ஊருக்கு அது கிடையாது.

கழுத்தில் தாலிக் கயிறு தெரியக் கூடாது என்று கொட்டகை முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். தலைக்கு ஏது புருஷன் என்று கேட்டுச் சிரித்தாராம். அதனால் தினமும் காலையில் கயிற்றைக் கழற்றி, மேசைக் காலின் உள்பக்கம் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அம்மா தலையாவாள். புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரியாத ஒருத்திக்குத் தாலியைக் கழற்றுவது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அப்பா லாரி டிரைவர். எங்களுக்கு ஊர் கௌதள்ளிப் பக்கம். மேட்டூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்ட் தாண்டி, காட்டுச் சாலையில் லாரி மட்டும் கதவு திறந்தபடி நின்றது. லாரியை அதன் சொந்தக்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். மனுஷன் என்ன ஆனார் என்று யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. காட்டுக்குள் யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றே தெரியாத வருஷங்கள் அவை. போலீஸ் என்றார்கள், காட்டிலிருந்து வந்த ஆட்கள் என்றார்கள். மேட்டூரில் இன்னொரு குடும்பம் இருக்கும் என்று சொன்ன வாயும் உண்டு. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்து கட்டட வேலைக்குப் போனாள். அப்புறம் அதை விட்டுவிட்டு இந்தத் தலை வேலைக்கு வந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அங்க எல்லா லாரிக்காரனும் நிக்கறானுங்க கண்ணு. ஒருத்தனாச்சும் உங்கப்பனப் பாத்திருக்க மாட்டானா?"

தலை கன்னடத்தில்தான் பேச வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். தமிழில் பேசினால் கோயம்புத்தூர் வேன்காரர்கள் 'எந்த ஊரும்மா' என்று ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் தலையாவது தாம்பாளமாவது என்பார். அம்மாவின் கன்னடம் அரைகுறை. வ என்பதைப் ப என்று மாற்றினால் பாதிக் கன்னடம் வந்துவிடும் என்று அடித்துச் சொல்வாள். நான் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், அவளைத் திருத்திக்கொண்டே இருப்பேன். ஜனங்கள் தலையிடம் குறி கேட்டார்கள்; பரீட்சையைக் கேட்டார்கள், கல்யாணத்தைக் கேட்டார்கள். நிறையப் பேர் கேட்டது, போனவர் வருவாரா என்பதைத்தான். துபாய் போன மகன், கோபித்துக்கொண்டு போன புருஷன். எல்லோருக்கும் தலை ஒரே பதில் சொல்லும்: "பர்த்தாரெ." வருவார். கேட்டவர்கள் முகம் மலர்ந்து போவார்கள். வீட்டுக்கு வந்ததும், அப்பா எப்போது வருவார் என்று நான் கேட்பேன். எனக்கும் ஒரே பதில்தான்: "இன்னும் வரல கண்ணு."

ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு லாரி டிரைவர் தனியாக, ஜனங்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் வந்து நின்றிருக்கிறார். பேச்சில் சேலம் பக்கம் என்று தெரிந்ததும் அம்மாவுக்குச் சட்டமெல்லாம் மறந்துபோயிற்று. "அண்ணா, பாலாறு வழியாப் போவீங்களா?" என்று தாம்பாளத்திலிருந்து கேட்டிருக்கிறாள். மனுஷன் வெலவெலத்து வாசல்வரை ஓடி, அப்புறம் திரும்பி வந்து, முழுக் கதையும் கேட்டுக்கொண்டு, மேட்டூரில் விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். முதலாளி கண்டபடி திட்டினார். அம்மா வீட்டுக்கு வந்து அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த டிரைவரைத் தவிர வேறு பேச்சில்லை. அவர் திரும்பி வந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் திரை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர் எதுவும் கேட்கவில்லை. தலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், இரண்டு கையையும் விரித்தார், போய்விட்டார். அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மோவாய்க்கு வந்து தாம்பாளத்தில் விழுந்தது. துடைக்கக் கையில்லை. ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாளே முதலாளி பலகையில் 'அழும் தலை' என்று சேர்த்து எழுதச் சொன்னார். அந்த முதலாளி இன்று எதிரில் வந்தாலும் நான் வணக்கம் சொல்லமாட்டேன்.

கொஞ்ச நாளில் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், கொட்டகையைப் பிரிக்க வேண்டும் என்று ஆயிற்று. இனி லாரிகளை எங்கே போய்ப் பார்ப்பது? அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கடைசி நாளன்று பள்ளிக்கூடச் சீருடையோடு நேரே போய், சுற்றுலா வந்த ஜனங்களோடு வரிசையில் நின்றேன். வீட்டில் மழுப்புகிறவள், நாலு பேர் முன்னால் தலையாக இருக்கும்போது மழுப்ப முடியாது என்று நினைத்தேன். என் முறை வந்தது. அம்மா என்னைத் தெரியாதவள்போலப் பார்த்தாள். அதுதான் அவள் வேலை.

"அப்பா யாவாக பர்த்தாரெ?" அப்பா எப்போது வருவார் என்று கன்னடத்தில் கேட்டேன்.

தலை கண்ணை உருட்டுவதை நிறுத்தியது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"பரல்ல" என்றது.

வரமாட்டார். இன்னும் வரல என்பது இல்லை, இனி வரவே மாட்டார் என்பது. அடுத்து நின்ற அம்மாள் தன் மகனைப் பற்றிக் கேட்டாள். பர்த்தாரெ என்று தலை சொன்னது.

காட்சி முடிந்ததும் திரைக்குப் பின்னால் ஓடினேன். அம்மா முக்காலியில் இருந்து எழ முடியாமல் மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் வரலன்னுதான் கண்ணு சொன்னேன். எனக்கெங்க கன்னடம் ஒழுங்கா வருது?"

இத்தனை நாள் அவள் கன்னடத்தைத் திருத்தினேன். அன்றைக்குத் திருத்தவில்லை. சரிம்மா என்றேன். அவள் கை ஆணிமேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கயிற்றை எடுத்தாள். நான் கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, கழுத்தில் போட்டுக்கொண்டாள். சாகும்வரை அதைக் கழற்றவில்லை.

அவள் போய்விட்டாள், கொட்டகை போய்விட்டது. யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் நான் தமிழில்தான் பதில் சொல்கிறேன். இன்னும் வரல.