சுனைக்கரட்டு நீதி மையத்துக்கு நான் கொடுத்த கல்

வெள்ளிக்கிழமை காலை 6.40. நாகல் நகரில் என் வீட்டு வாசலிலேயே ஆட்டோ ஏறினேன். பேருந்து நிலையத்துக்கு அறுபது ரூபாய் கேட்டான், ஐம்பது கொடுத்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சித்தாளாக மண் சுமந்தவன். இன்றைக்கு இந்தத் திண்டுக்கல்லில் மூன்று வீடு என் பெயரில் இருக்கிறது, ஹாலோ பிளாக் கல் போடும் களம் ஒன்றும் இருக்கிறது. அந்த மூன்று வீட்டு வரி ரசீதையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு ஆளை ஜாமீனில் எடுக்கக் கிளம்பினேன்.

ஆள் பெயர் சடையன். கன்னிவாடிக்கு மேற்கே மலையடியில் சுனைக்கரடு என்ற பளியர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவன். காட்டிலிருந்து ஒரு மூட்டை கடுக்காய் இறக்கினான், தடுத்த காவலரைத் தள்ளினான் என்று வழக்கு. உள்ளே போய்ப் பன்னிரண்டு நாள். அதில் எட்டு நாள், ஜாமீன் கிடைத்த பிறகும் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

முந்தின நாள் மாலை அவன் அக்காள் வெள்ளையம்மா, தம்பியை வெளியே எடுக்க வழி கேட்டு என் களத்துக்கு வந்து நின்றாள். “நீங்கதான எங்க ஊரு கட்டடத்துக்குக் கல்லுக் குடுத்தவுக?” என்றாள். ஆமாம், சட்ட உதவியும் போலீஸ் புகாரும் ஊரிலேயே முடியட்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு அங்கே அரசாங்கம் கட்டிய நீதி மையத்துக்கு ஐயாயிரம் கல் கொடுத்தேன். லாரி ஏற முடியாத கடைசி ஒரு கிலோமீட்டர் சடையன்தான் ஆள் சேர்த்துத் தலையில் சுமந்தான். “அதுக்கு என்னைய எதுக்குத் தேடி வந்த தாயி?” என்றேன். “நீதி மையத்து ஆளுன்னு எங்களுக்குத் தெரிஞ்சது நீங்க ஒருத்தருதான்யா. லாரியில பேரு எழுதியிருந்துச்சு” என்றாள்.

அவள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டாள். அதற்குப் பிறகுதான் சடையனுக்கு இலவச சட்ட உதவிக்காகக் கோர்ட் நியமித்த வக்கீலம்மாவைப் போனில் பிடித்தேன். “ரெண்டு ஜாமீன்தார் வேணும்யா. ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும். ரெண்டு பேரும் வீட்டு வரி ரசீது காட்டணும். அவங்களுக்குப் பட்டாவே இல்ல, ரசீதுக்கு எங்க போறது? அந்த மையத்துல யாராச்சும் இருந்தா, இந்தம்மா அவனோட அக்கா, இங்கதான் குடியிருக்காங்கன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. ஜட்ஜ்கிட்ட கேட்டுப் பாக்குறேன். ரெண்டரைக்குள்ள வரணும். விட்டா திங்கக்கிழமைதான்” என்றார். வெள்ளையம்மாவிடம் போன் கிடையாது. அவள் கேட்டால் எந்த அதிகாரி எழுதிக் கொடுப்பான்? நான் கேட்டால் கொடுக்காமல் எவன் தப்பிப்பான்? அதனால் நானே கிளம்பினேன்.

காலை 7.15. கன்னிவாடிப் பேருந்து. பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் முருங்கை, அதை விட்டால் தென்னை, அதற்குப் பின்னால் மேகம் உட்கார்ந்த மலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் பார்க்கிற மனநிலையில் இல்லை.

8.10. கன்னிவாடியில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். “பாறை வரைக்குந்தான் விடுவேன் பெரியவரே. அங்கிட்டு ரோடு கெடையாது. எங்க, அந்த ஜெயிலுக்கா?”

“ஜெயில் இல்லப்பா. நீதி மையம்.”

“கம்பி போட்ட ரூமு இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன, ஜெயிலுதான்” என்று வண்டியைக் கிளப்பினார்.

9.05. ஒரு கிலோமீட்டர் நடை. எனக்கு அறுபத்தெட்டு வயது, ஒரு இடத்தில்கூட உட்காரவில்லை. மேலே ஏறியதும் கட்டடம் தெரிந்தது. சுவரில் ஒரு கீறல் கிடையாது. என் கல் அப்படி. வாசலில் கருப்புக் கல்வெட்டு, அதில் ஒன்பது பெரிய மனிதர்களின் பெயர்கள், அடியில் நாற்பத்தெட்டு லட்சம் என்று தொகை. கதவில் பூட்டு. பூட்டில் துரு.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னறையில் நான்கு நாற்காலிகள், கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. மேசை மேல் காகிதம் இல்லை, பேனா இல்லை. பின்னறைக்கு மட்டும் கட்டைவிரல் கனத்தில் கம்பிக் கதவு. பணத்தில் பாதி அதற்கே போயிருக்கும். கழிப்பறைக் குழாயில் ஒரு நாளும் தண்ணீர் வந்ததில்லை என்று வெள்ளையம்மா பிறகு சொன்னாள். பெண்கள் அரை கிலோமீட்டர் தள்ளிச் சுனைக்குப் போகிறார்கள்.

வெள்ளையம்மா குடத்தோடு வந்தாள். “தெறந்த அன்னைக்கு ஏழு காரு வந்துச்சுய்யா. கேசரி குடுத்தாக. போறப்ப பூட்டிட்டுப் போனாக. அம்புட்டுத்தான்.”

“அப்புறம் யாருமே வரலையா?”

“தம்பியப் பிடிச்ச அன்னைக்கு அவனை இந்த வாசல்லதான் உக்கார வச்சிருந்தாக. சாவி இல்லைன்னு கீழ கூட்டிப் போயிட்டாக.”

நீதி கேட்டுப் போனால் ஆள் இல்லை. அடைத்து வைக்கக்கூட ஆள் இல்லை. கட்டடத்தைக் கட்டிய இன்ஜினியர் தம்பிக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

லெட்டர் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. “ரேஷன் கார்டு, ஆதார் இருக்கா தாயி? எடுத்துட்டுக் கெளம்பு” என்றேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வந்தாள். கீழே பாறையில் ஆட்டோ இல்லை. மையத்திலிருந்து பேருந்து வரைக்கும் மொத்தம் ஏழு கிலோமீட்டரும் நடந்தோம். அவள் முன்னால் போய்விட்டுப் போய்விட்டு எனக்காக நின்றாள்.

பிற்பகல் 1.50. கோர்ட். எந்தக் கோர்ட் என்று எழுத வேண்டாம் என்று வக்கீலம்மா கேட்டுக்கொண்டார். அங்கிருந்த குமாஸ்தா என் மூன்று ரசீதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்களுது சரி. அந்தம்மாவுக்கு ரசீது?”

“என் ரசீது மூணு இருக்கே. ஒண்ணை அவளுக்கு வச்சுக்கங்க.”

“அப்படியெல்லாம் முடியாது பெரியவரே.”

“அரசாங்கம் அந்த எடத்துல நாப்பத்தெட்டு லட்சத்துக்குக் கட்டடம் கட்டலாம். இவ குடியிருக்கான்னு ஒரு துண்டுச் சீட்டு குடுக்க முடியாதா?” என் குரல் உயர்ந்துவிட்டது. வக்கீலம்மா என் கையைப் பிடித்து வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

3.20. கூப்பிட்டார்கள். நீதிபதி வெள்ளையம்மாவைப் பார்த்தார். “இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“கூடப் பொறந்தவன்யா.”

“கோர்ட் சொல்ற நாள்ல கூட்டிட்டு வருவீங்களா?”

“காட்டை விட்டு எங்க போவான்? கூட்டியாறேன்.”

அவளுக்கு ரசீது வேண்டாம், ரேஷன் கார்டே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிஷம். இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் எட்டு நாள் ஒருவன் உள்ளே கிடந்திருக்கிறான். “ஜாமீன் வாங்குனது வேற வக்கீல். கேஸ் என் கைக்கு வந்தே மூணு நாள்தான்யா” என்று வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மாலை 5.40. ஜெயில் வாசல். சடையன் வெளியே வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. அக்காளைப் பார்த்து, “தண்ணி எடுத்து வச்சிட்டு வந்தியா?” என்றுதான் கேட்டான். வக்கீலம்மா நிபந்தனையை விளக்கினார். முப்பது நாள், தினமும் காலை பத்து மணிக்குக் கீழே காவல் நிலையத்தில் கையெழுத்து. ஏழு கிலோமீட்டர் நடை, அப்புறம் பேருந்து. தோப்பு வேலைக்கு ஆறு மணிக்கு நிற்க வேண்டியவன் அவன்.

“அவுக ஊரு மையத்துலயே வாங்கிக்கக் கூடாதாம்மா?” என்றேன்.

“வாங்குறதுக்கு அங்க யாருய்யா இருக்கா?”

6.15. பேருந்து நிலையம். மூன்று பேருக்கும் புரோட்டா வாங்கினேன். அப்போதுதான் இன்ஜினியர் தம்பி திருப்பிக் கூப்பிட்டார். “ஐயா, மீட்டிங்ல இருந்தேன். நானே கூப்பிடணும்னு நெனச்சேன். சுனைக்கரட்டு மையத்துக்குச் சுற்றுச்சுவர் சாங்ஷன் ஆயிருச்சு. எட்டடி உயரம். மூவாயிரம் கல் வேணும்.”

“தம்பி, அங்க ஆளு எப்ப போடுவீங்க?”

“அது வேற ஹெட்டுய்யா, வேற கணக்கு. எங்களுக்குக் கட்டடத்துக்குத்தான் ஃபண்டு.”

“உள்ள யாருமே இல்ல. யாரு தப்பிச்சு ஓடிருவான்னு எட்டடிச் செவரு?”

“நானா ஐயா முடிவு பண்றேன்? வர்ற ஃபண்டை மார்ச்சுக்குள்ள முடிக்கணும். கல் தருவீங்களா?”

“கல்லு இல்ல” என்று வைத்துவிட்டேன். களத்தில் நாலாயிரம் கல் காய்ந்துகொண்டிருந்தது. நாற்பது வருஷத் தொழிலில் வந்த ஆர்டரை நான் திருப்பியதே கிடையாது.

வெள்ளையம்மா புரோட்டாவை மென்றபடி என்னையே பார்த்தாள். “ஏன்யா இல்லைன்னீக? செவரு வந்தா எங்க ஆளுகளுக்குக் கல்லுத் தூக்குற கூலியாச்சும் கெடைச்சிருக்கும்ல? அந்தக் கட்டடத்தால எங்களுக்குக் கெடைச்சது அது ஒண்ணுதான்யா.”

பேச்சில் என்னை அடக்கியவர்கள் இந்த ஊரில் ரொம்பக் குறைவு.

“பத்து மணிக்குக் கையெழுத்து இருக்கு. நான் எங்கிட்டுத் தூக்க?” என்றான் சடையன்.

“நீ போடா கையெழுத்துக்கு. நான் தூக்குறேன்” என்றாள்.

கன்னிவாடிப் பேருந்து வந்தது. இருவரும் ஓடி ஏறினார்கள். நான் நாகல் நகர் ஆட்டோவில் உட்கார்ந்தேன். ஆட்டோக்காரன் அறுபது கேட்டான். பேரம் பேசாமல் கொடுத்தேன்.