சந்தன எண்ணெய் யாருக்கு

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், என் லைனில் வேலை செய்யும் தென்காசிப் பெண் இசக்கி கன்னத்தில் எண்ணெய் தேய்த்தாள். நல்லெண்ணெயில் இரண்டு சொட்டு சந்தன எண்ணெய் கலந்ததாம். நானும் கையை நீட்டினேன்.

"உங்களுக்கு ஆகாதுக்கா. எனக்கு வறண்ட தோலு. உங்களுக்கு மூக்குலயே எண்ணெ வழியுதுல்லா."

அந்த வாசனை என்னைச் சின்ன வயதுப் பென்னலூர் வீட்டுக்கு இழுத்துப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா இதே எண்ணெயை அக்காவின் உள்ளங்கையில் ஊற்றுவாள். என்னைக் குழாயடியில் உட்காரவைத்து, பயத்தமாவால் பாத்திரம் துலக்குவதுபோல முகத்தைத் தேய்ப்பாள். எனக்கும் எண்ணெய் கேட்டால், "உனக்கு இன்னாத்துக்கு? மூஞ்சிலயே ஊறிக்கினு கீது" என்பாள். அக்கா மணக்க மணக்க என்னைக் கடந்து போவாள். எனக்கு வயிறு எரியும். அவள்தான் செல்லப்பிள்ளை என்று முடிவுகட்டியிருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டேன். அம்மா அவளுக்கு மட்டும் எண்ணெய் ஊற்றியதெல்லாம் தோல் வித்தியாசம்தானாம் என்றேன்.

"அது இன்னாவோ. உனக்குன்னா அம்மா தன் கையால தேச்சி வுடும். எனக்கு ஊத்திட்டுப் பூடும். அப்ப எனக்கு உன்மேல அவ்ளோ பொறாமை" என்றாள்.

எண்ணெயைத்தான் எடுத்துக்கொண்டாள். பொறாமையையாவது எனக்கென்று விட்டுவைத்திருக்கலாம்.