இடப்பக்கப் பின்கதவு

கனகலிங்கத்திடம் கார் ஒன்றுதான் இருந்தது. காரைப் பற்றிய கதையோ பத்துக் காருக்குக் காணும். ஒட்டுசுட்டான் சந்தியில், வாகை மரத்துக்குக் கீழே மூன்று வாடகை வாகனங்கள் நிற்கும். ஒன்று அவருடைய பழைய இங்கிலீசுக் கார். மற்றது மயில்வாகனத்தின் கார். மூன்றாவது மஹ்றூப்பின் வான். மஹ்றூப் முல்லைத்தீவு ஆள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்துக் குடும்பமாக வெளியேற்றப்பட்டு, சமாதானம் வந்ததென்று சொன்ன காலத்தில் திரும்பி வந்தவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி மரத்தடியில் அவரை 'நானா' என்பார்கள்.

ஓட்டம் இல்லாத நேரத்தில் அந்த மரத்தடி ஒரு நீதிமன்றம் மாதிரி. வாகனங்கள்தான் குற்றவாளிகள், கனகலிங்கம்தான் நீதவான். அவரை யாரும் அந்தக் கதிரையில் இருத்தவில்லை. அவராகவே ஏறி இருந்துகொண்டார்.

"கனகண்ணை, வலப்பக்கம் திருப்பினால் ஹோர்ண் தானா அடிக்குது" என்பார் மயில்வாகனம்.

"ஆர் ஓடினாலும் அடிக்குதோ?"

"ஓம்."

"அப்ப அது பிழை. செய்தவன் விட்ட பிழை. திருத்து."

மஹ்றூப் தன் வழக்கைக் கொண்டுவருவார். "ஸ்டியரிங் வந்து வயித்தில முட்டுதண்ணை."

"மயில்வாகனம் ஓடேக்க முட்டினதோ?"

"இல்லை."

"அப்ப அது வானின்ர பிழை இல்லை, நானா. உங்கட எரிச்சல். சோத்தைக் குறையுங்கோ."

இதுதான் அவருடைய சட்டம். யார் இருந்தாலும் வருகிற குறை, பிழை. ஒருத்தருக்கு மட்டும் வருகிற குறை, அவருடைய எரிச்சல். நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. சட்டம் போட்டவரின் காருக்கு மட்டும் அது செல்லாது.

அந்தக் காரின் இடப்பக்கப் பின்கதவு உள்ளால் திறக்காது. பூட்டுத் தேய்ந்துபோயிருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியும் இறங்காது. சுற்றுகிற கைபிடி எங்கேயோ விழுந்து தொலைந்திருந்தது. கனகலிங்கம் இறங்கி, முன்பக்கத்தால் சுற்றி வந்து, வெளியால் திறந்துவிட்டால்தான் உள்ளே இருப்பவர் இறங்கலாம்.

"அண்ணை, இது பிழையோ எரிச்சலோ?" என்று மஹ்றூப் ஒருநாள் கேட்டார்.

"இது மரியாதை" என்றார் கனகலிங்கம். மரத்தடி முழுக்கச் சிரித்தது.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கல்யாணங்கள் மலிந்திருந்தன. ஒட்டுசுட்டானில் இருந்து முத்தையன்கட்டு வரை பொம்பிளை மாப்பிள்ளைக்கு அவருடைய கார்தான். கார் கல்யாண வீட்டு வாசலில் நின்றதும், வெள்ளைச் சேட்டோடு அவர் இறங்கிச் சுற்றிப் போய், குனிந்து கதவைத் திறப்பார். வீடியோக்காரன் அதைப் பிடிப்பான். எத்தனையோ வீட்டுக் கல்யாண வீடியோக் கொப்பிகளில் அவர் குனிந்தபடி நிற்கிறார். கதவு உள்ளால் திறந்தால் பொம்பிளை தன்பாட்டில் இறங்கிப் போய்விடும். பிறகு அவரை யார் பார்ப்பார்கள்?

மனைவி பத்மாசனிக்கு அந்தக் கதவைக் கண்ணில் காட்டக் கூடாது. கோயிலடியில் ஒருநாள் காரை நிற்பாட்டிவிட்டு இறங்கியவர், தெரிந்த ஒருவரைக் கண்டு கதையில் விழுந்துவிட்டார். பின்சீற்றில், மறுபக்கக் கதவை அடைத்துக் கிடந்த பொங்கல் சாமான்களுக்குப் பக்கத்தில் மனைவி இருப்பது கால் மணித்தியாலம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. திறந்தபோது அவள் வேர்வையில் தோய்ந்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் ஒருநாளைக்குப் பின்னுக்கு இருந்து பாருங்கோ. அப்ப தெரியும்."

"நான் பின்னுக்கு இருந்தால் ஆர் ஓடுறது? உனக்கு வெக்கை. அது உன்ர எரிச்சல்."

அதை மரத்தடியில் வந்து சொல்லியும் சிரித்தார், வெட்கம் கெட்ட மனுசன்.

இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் திரும்பவும் சண்டை தொடங்கி, வெளியே போகிற பாதை பூட்டியது. அதற்குக் கொஞ்சம் முதல், நிலைமை சரியில்லை என்று மணந்து பிடித்த மஹ்றூப் வவுனியாவுக்குப் புறப்பட்டார். ஒருமுறை இடம்பெயர்ந்தவனுக்கு மூக்கு கூர்மை. போகிற அன்று கடதாசியில் சுற்றிய ஒரு சாமானைக் கனகலிங்கத்தின் கையில் வைத்தார்.

"வவுனியாவில பழைய இரும்புக் கடையில தேடி எடுத்தனான், அண்ணை. உங்கட கதவுக்குப் பொருந்தும். அக்காவுக்காகவாவது போடுங்கோ."

பூட்டு. எண்ணெய் பூசித் துடைத்து, புதிதுபோல இருந்தது. கனகலிங்கம் அதை டாஷ்போட்டுக்குள் வைத்தார். வயலில் அருவி வெட்டு முடியட்டும் என்றார். பிறகு மாரி முடியட்டும் என்றார். பிறகு பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடுகிற காலம் வந்தது. காபரேட்டருக்கு நாலு துளி பெற்றோல் தேடவே பொழுது போனது. அரை மணித்தியால வேலை. இரண்டரை வருடமாகப் பூட்டு உள்ளேயே கிடந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் கிலுகிலுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது தையில், சண்டை கிட்ட வர, ஊரே இடம்பெயர எழும்பியது. கனகலிங்கம் காரை வீடாக அடைத்தார். முன்சீற்றில் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற பம். பின்னால் வலப்பக்கத்தில் நெல்லு மூட்டை, பானை சட்டி, பாய், கூரை முட்ட. மிச்சமிருந்த இடப்பக்கத்து மூலைக்குள் பத்மாசனி.

"பம்மைப் பின்னுக்குப் போட்டிட்டு நான் முன்னுக்கு இருக்கிறன்" என்று அவள் கேட்டாள்.

"பம் அடிபட்டால் திருப்பி வந்து என்னத்தால இறைக்கிறது?"

திருப்பி வருவதென்ற நினைப்பு அப்போதும் இருந்தது.

ஒரு பின்னேரம், உடையார்கட்டுக்குக் கிட்ட, சனமும் உழவு இயந்திரங்களுமாக ரோட்டு இறுகிக் கிடந்தது. முதல் செல் குண்டு முன்னால் வயலுக்குள் விழுந்தது. கனகலிங்கம் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தார். இறங்கினால் சுற்றிப்போய்க் கதவைத் திறக்கிறது கல்யாணங்களில் பழகிய பழக்கம். சத்தம் கேட்டால் பாய்ந்து விழுகிறது பிறகு சண்டையில் பழகிய பழக்கம். அன்றைக்குச் சண்டையில் பழகியதுதான் முந்திக்கொண்டது.

மண்ணில் முகம் புதைந்திருக்க, கண்ணாடியில் கை அடிக்கிற சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ! கதவு! கதவைத் திறவுங்கோ!"

அவர் எழும்பினார். எழும்பினார் என்பதை எழுதத்தான் வேண்டும், மனுசன் கோழை அல்ல. காரின் முன்பக்கத்தை எட்டுவதற்குள் இரண்டாவது செல் விழுந்தது. அவருக்குத் தோளில் ஒரு துண்டு பட்டது. கதவைத் திறந்தபோது பத்மாசனி வெளியே சரிந்தாள். உள்பிடியை அவள் இழுத்த இழுவையில் அது கழன்று கையோடு வந்திருந்தது.

வாய்க்கால் கரையிலேயே குழி வெட்டி அவளைத் தாட்டார்கள். காரும் பம்மும் அங்கேயே நின்றன.

சண்டை முடிந்த ஆனியில், பிடிபட்ட சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமுக்கு மஹ்றூப் தேடி வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் பாணும் சீனியும் நிரம்பிய பையோடு நின்றார். இந்தப் பக்கம் கனகலிங்கம், யாரோ கொடுத்த சாரத்தோடு, பாதியாக.

"அண்ணை! அல்லாவே, எப்பிடி இருந்த ஆள்! அக்கா எங்க?"

கனகலிங்கம் சாரத்து மடிப்பை அவிழ்த்தார். காரை விட்டு வந்தபோது அதிலிருந்து எடுத்து வந்த, கடதாசி கிழிந்து, துரு ஏறத் தொடங்கியிருந்த பூட்டை எடுத்துக் கம்பிக்குள்ளால் நீட்டினார். மஹ்றூப் வாங்கினார். பிரட்டிப் பார்த்தார். அது ஒருநாளும் எதிலும் பூட்டப்படாத சாமான் என்று கண்டதும் அவருடைய முகம் மாறியது.

"போடேல்லையோ?"

"இல்லை."

மஹ்றூப் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் நேரம் முடியப்போகிறது என்று இடித்தார்கள். கனகலிங்கம் கம்பியை விடவில்லை. மரத்தடியில் தீர்ப்புச் சொன்ன அதே குரல்தான், உள்ளே காற்று மட்டும் இல்லை.

"அது அவாவின்ர எரிச்சல் இல்லை, நானா. பிழை. ஆர் இருந்திருந்தாலும் திறந்திராது."