சாந்தம்மாள் மெதுவாக அடித்த நாள்

புதூர்நாட்டுப் பக்கம் நிலத்தடி நீர் பார்க்கப் போகிற ஜீப்பில், மடியில் சம்மட்டியோடு பின்சீட்டில் உட்கார்ந்திருப்பாள் சாந்தம்மாள். தரையில் கிடக்கும் இரும்புத் தகட்டில் ஓங்கி அடிப்பதுதான் ஆறு வருஷமாக அவள் வேலை. அந்த அதிர்வு மண்ணுக்குள் ஓடி, வரிசையாக நட்டிருக்கும் கருவிகளுக்கு எவ்வளவு நேரத்தில் வந்து சேருகிறது என்று லேப்டாப் பார்க்கும். இத்தனை அடி மண், அதன் கீழ் பாறை என்று தானே ஒரு நிலத்தைக் கற்பனையாகப் போட்டுப் பார்த்து, வந்த நேரத்தோடு ஒத்துப்போகும் வரை திருத்திக்கொண்டே இருக்கும். சாந்தம்மாளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மெதுவாக வந்தால் தண்ணீருக்கு வழி உண்டு, சீக்கிரம் வந்தால் வெறும் கல். அவ்வளவுதான் தெரியும்.

ஊரார் நிலத்துக்கெல்லாம் அடித்தவள், தன் கிணறு வற்றி இரண்டு வருஷம் கழித்துத்தான் தன் நிலத்தையும் பார்க்கச் சொல்லி வாய் திறந்தாள். கணவன் ரங்கன் குடகில் காபித் தோட்டத்தில் இருக்கிறான். தண்ணீர் இல்லையென்றால் எல்லோரையும் அங்கேயே வந்துவிடச் சொல்லிவிட்டான். மகள் பிரியதர்ஷினி பத்தாம் வகுப்பு, கணக்கில் தொண்ணூறு எடுக்கிறவள். தோட்டத்துக்குப் போனால் படிப்புக்கு முழுக்கு.

கருவி பார்க்கும் ராஜ்குமார் நல்ல மனசுக்காரன். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவள் நிலத்தில் வயரை இழுத்தான்.

"அடிங்கக்கா."

அடித்தாள்.

"இன்னாக்கா, சாப்புடலயா? ஒண்ணுமே பதியல. நல்லா அடிங்க."

மறுபடியும் பூப்போலத்தான் வைத்தாள். அவன் எழுந்து வந்தான். அவள் கண் கலங்கியிருந்தது.

"மெதுவா அடிச்சா மெதுவாத்தான சார் போவும்?"

ஆறு வருஷம் அடித்தவள் கேட்கிற கேள்வியா இது! ஆனால் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இல்லக்கா. தட்டினாலும், ஓங்கி அடிச்சாலும் வேகம் ஒண்ணுதான். கீழ இருக்கறதப் பொறுத்துதான் அது."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தாள். இந்த முனையில் எட்டு முறை, அந்த முனையில் எட்டு முறை. ஜீப்பிலிருந்த டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

ராஜ்குமார் லேப்டாப்பில் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தான்.

"எத்தினி அடியில சார் கல்லு?"

"ஏழு அடிக்கா. அதுக்குக் கீழ முழுக்கக் கெட்டி. ஆயிரம் அடி போர் போட்டா எங்கனா ஒரு வெடிப்பு மாட்டலாம், மாட்டாமலும் போவலாம். போடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

சம்மட்டியை ஜீப்பில் வைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி ரங்கனுக்குப் போன் போட்டாள்.

"நாங்க வர்றோம்," என்றாள். "மேஸ்திரிகிட்ட பாப்பாவுக்கும் சேத்து வேலை கேட்டு வையி."