கால் நனைக்க ஒரு வேண்டுதல்

பினாங்கில் எங்கள் மரக்கிடங்கில் பலகை வாங்கும் துரை ஒருவர், கலியாணம் ஆன கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு மலைமேல் பங்களாவுக்குப் போய்விட்டார். அவர் இறங்கி வந்து கையெழுத்துப் போடும்வரை எங்கள் பலகைகள் வாசலிலேயே கிடந்தன. புதுத் தம்பதிகள் இப்படித் தனியே போய் இருந்துவிட்டு வருவதற்கு அவர்கள் பாஷையில் தேனையும் நிலவையும் சேர்த்து ஒரு பெயர் உண்டு. அதன் பொருளை அரசப்பனுக்குச் சொன்னேன். அவன் இழைப்புளியை நிறுத்தி, அதில் சிக்கிய மரச்சுருளை ஊதித் தள்ளினான்.

"இதுக்குப் பேரெல்லாம் வச்சிருக்காகளா! நாங்க பேரு இல்லாமத்தான் போய்ட்டு வந்தோம்" என்றான்.

அவன் காரைக்குடித் தச்சன். நான் அதே கிடங்கில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா. எனக்கும் அதே ஊர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவன் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். ஊரைவிட்டு வந்து வெகுகாலம் ஆனவன் நான். தேவகோட்டைச் சாலையை எழுதும்போது, அந்தப் புளியமரங்கள் இன்னும் நிற்கின்றனவா என்ற கவலை வந்து கையைப் பிடிக்கிறது. அதனால் மரங்களை விட்டுவிட்டு மனிதர்களை மட்டும் சொல்கிறேன்.

அப்போது காரைக்குடிக்கு ரயில் வரவில்லை. வைகாசியில் அரசப்பனுக்கும் பிச்சையம்மாளுக்கும் கலியாணம். ஆடி பிறந்தால் வழக்கப்படி பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். ஆவணி பிறந்ததும் அவன் நாகப்பட்டினத்தில் கப்பலேற வேண்டும். பினாங்கில் மூன்று வருஷ வேலைக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆக, தம்பதிகளுக்கு மிச்சம் இருந்தது ஆனி மாதம் ஒன்றுதான்.

அந்த ஆனியும் அவர்கள் கைக்குள் இல்லை. வீடு என்பது ஒரு கூடமும் ஓர் அடுப்படியும். அதற்குள் அவன் தாய் வள்ளிக்கண்ணு, அண்ணன் சிவசங்கரன், மதினி, அவர்கள் பிள்ளைகள். பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது முறையில்லை. அவனுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று பிச்சையம்மாள் மதினியின் பிள்ளையைக் கேட்பாள். அவன் பதிலைத் தூணுக்குச் சொல்வான். இரவில் குரலைத் தாழ்த்தினாலும் கூடத்தில் யாராவது இருமினார்கள். இப்படியே கப்பலேறினால், மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருக்க அவள் குரல்கூடத் தனக்குச் சரியாகத் தெரியாதே என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த நாளில் அவன் ஒரு செட்டியார் வீட்டில் கதவுநிலை பூட்டிக்கொண்டிருந்தான். அந்த வீட்டுச் சுவருக்குப் பூசக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கிளிஞ்சல் தொண்டிக் கடற்கரையிலிருந்து வரும். அதை மாட்டுவண்டியில் கொண்டு வருகிறவன் சின்னக்கருப்பன்.

"போறப்ப வெறும் வண்டிதானே?" என்று அரசப்பன் அவனைக் கேட்டான்.

"ஆமா ஆசாரி. போறப்ப காத்தை ஏத்திக்கிட்டுப் போறேன், வாரப்ப கிளிஞ்சலை ஏத்திக்கிட்டு வாரேன்."

"காத்துக்குப் பதிலா ரெண்டு ஆளை ஏத்திக்கிற மாட்டியா?"

"எந்த ரெண்டு ஆளு?"

அரசப்பன் குனிந்து உளியைத் தீட்ட ஆரம்பித்தான். சின்னக்கருப்பன் சிரித்துவிட்டான்.

"உளி தேஞ்சு போகும், விடுங்க. எனக்குக் கூலியெல்லாம் வேணாம். வண்டிச் சக்கரத்துல ரெண்டு ஆரக்கால் ஆடுது, மாத்திக் குடுங்க போதும்."

"அங்குட்டுத் தங்குறதுக்கு?"

"கிளிஞ்சல் குமிக்கிற எடத்துல எங்க அக்கா கொட்டகை இருக்கு. ஒரு பக்கம் தட்டி வச்சு மறைச்சுக் குடுக்கச் சொல்றேன். நீங்க கவுச்சி திங்காத ஆளுக. மூக்கைப் பொத்திக்கிட்டா அது அரமனை."

போக்குவரத்துக்கு ஆரக்கால், தங்குவதற்குக் கொட்டகை, சாப்பிடக் கட்டுச்சோறு. செலவில்லாமல் எல்லாம் அமைந்துவிட்டது. கிணற்றடியில் வாளி ஏறி இறங்கும் சத்தத்துக்கு நடுவே, "கடல் பாக்க வாரியா?" என்று பிச்சையம்மாளைக் கேட்டும் விட்டான்.  அவள் இழுத்த வாளி பாதிக் கிணற்றில் நின்றது, பிறகு வேகமாக மேலே ஏறி வந்தது.

தாயிடம் என்ன சொல்வது என்பதுதான் பாக்கி. சும்மா பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போகிறேன் என்றால் வீடு சிரிக்கும், அப்புறம் தெரு சிரிக்கும். தொண்டிக்குப் போகும் வழியில் திருவாடானை இருக்கிறது, அங்கே சிநேகவல்லி அம்மன் இருக்கிறாள் என்பது அவனுக்கு நல்ல யோசனையாகப் பட்டது.

"ஆத்தா, திருவாடானை அம்மனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. கப்பலேறுறதுக்கு முன்னாடி முடிச்சுரணும். அவளையும் கூட்டிட்டுப் போகணும்."

வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அதை நம்பித்தான் சொன்னான். வேண்டுதல் என்றால் யாரும் வீட்டில் தங்கவும் மாட்டார்கள் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"அதென்னடா நீங்க ரெண்டு பேரு மட்டும்?" என்றாள் வள்ளிக்கண்ணு. "அம்மன் காரியத்தை ஆளுக்குத் தெரியாமச் செய்யிறதா? அண்ணன் வீட்டுச் சின்னப்பயலுக்கு முடி எறக்கணும்னு கெடக்குல்ல, அதையும் அங்கயே எறக்கிருவோம். பொண்ணு வீட்டுக்குச் சொல்லி விடு. சொல்லாமப் போனா நாளைக்கு அவுக மொகத்துல முழிக்கிறது எப்படி?"

"வண்டி இருக்குல்ல?" என்று அண்ணன் கேட்டான்.

"ஒண்ணு இருக்கு."

"அது காணாது."

இரண்டு வண்டி ஆயிற்று. பானை, அரிசி, வெல்லம், சம்பந்தி வீட்டுப் பெண்கள், அவர்கள் தூக்கிய பிள்ளைகள். சின்னக்கருப்பன் தன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். "ஆரக்கால் ரெண்டு காணாது ஆசாரி. சக்கரத்தையே மாத்திக் குடுக்கணும்."

பெண்கள் வண்டியில், ஆண்கள் பின்னால் நடை. தேவகோட்டை தாண்டும்வரை அரசப்பன் கண்ணில் பட்டதெல்லாம் மாட்டின் வாலும் யாரோ ஒருத்தியின் முந்தானையும்தான். அது பிச்சையம்மாளுடையது என்று நினைத்து வெகுதூரம் நடந்தபிறகு, அது மதினியுடையது என்று தெரிந்தது. வீட்டிலாவது அவளுக்கும் அவனுக்கும் நடுவே தண்ணீர் கேட்க ஒரு பிள்ளை இருந்தது.

திருவாடானையில் சின்னப்பயலுக்கு முடி இறங்கியது. அவன் கத்திய கத்தலில் கோபுரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. பொங்கல் வைத்துச் சாப்பிட்டு முடித்ததும், பெண்கள் மற்ற வண்டியில் நெருக்கி உட்கார்ந்தால் திரும்பிவிடலாம் என்று அண்ணன் பேச்சை எடுத்தான். சின்னக்கருப்பன் மட்டும் தொண்டிக்கு மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். வெறும் வண்டி. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். அந்த ஆனியும் அதோடு போய்விடும்.

அப்போதுதான் வள்ளிக்கண்ணுக்கு நினைவு வந்தது. "எல்லாம் செஞ்சாச்சு. உன் வேண்டுதல் என்னன்னு நீ சொல்லவே இல்லையேடா? வெளக்கா, மாவெளக்கா, உருண்டு வாரதா?"

  அம்மன் சந்நிதியில் நின்றுகொண்டு இன்னொரு பொய்யைச் சொல்ல அரசப்பனுக்கு நாக்கு எழவில்லை.

"அயித்தை" என்று பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடையது என்று அவனே திரும்பிப் பார்த்தான். "அவுக எங்கிட்டச் சொன்னாக. கோயில்ல வெளக்குப் போட்டுட்டு, நேரா கடலுக்குப் போயி, தம்பதியாத் தண்ணியத் தொடணுமாம். கப்பலேறப் போறவுக இல்லையா."

"நல்ல வேண்டுதலுதான். அப்ப எல்லாருமாக் கெளம்ப வேண்டியதுதானே!"

"கூட ஒருத்தரும் வரக்கூடாதாம் அயித்தை. வாய் பேசாமப் போகணுமாம்."

"இன்னைக்கு வெள்ளிக்கெழமையேடி. கடல்ல குளிக்கக் கூடாதே?"

"குளிக்கிறதில்லையாம். கால் நனைச்சாப் போதுமாம்."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வள்ளிக்கண்ணு மருமகளைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"ஏண்டா, இதைச் சொல்ல உனக்கு வாயில்லையா?"

"பேசாமப் போகணும்னு இருக்குல்ல ஆத்தா" என்றான் அரசப்பன்.

தாய்க்கு விளங்கியதா இல்லையா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் புளிச்சோற்று மூட்டையைக் கொண்டுபோய் வெறும் வண்டியில் வைத்தவள் அவள்தான்.

கோபுரம் பின்னால் மறையும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை. சின்னக்கருப்பன் திரும்பிப் பார்த்து, "கோபுரம் மறைஞ்சிருச்சு. இனிமே அம்மனுக்குக் கேக்காது, பேசுங்க" என்றான்.  பேச்சுக்கு முன்னால் இருவருக்கும் சிரிப்புத்தான் வந்தது.

தொண்டிக் கடலைப் பார்த்ததும் பிச்சையம்மாள் சொன்ன முதல் வார்த்தை, "இம்புட்டுத்தானா?"

அந்தக் கடல் அப்படித்தான். அலை என்று சொல்ல ஒன்றும் இராது. பெரிய ஊருணி மாதிரிக் கிடக்கும். வெகுதூரம் உள்ளே நடந்தாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது. அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். அவன் பின்னால் போனான்.

"இதுலயா போகப் போறீக?"

"இதுலதான்."

"பினாங்கு எங்குட்டு இருக்கு?"

அவன் ஒரு பக்கம் கையைக் காட்டினான். அவனுக்கும் தெரியாது.

"வீட்டுல எல்லாரும் கடலு கடலுன்னு சொல்லுறப்ப, எதுக்குப் பயப்படுறோம்னே தெரியாமப் பயந்துக்கிட்டு இருந்தேன். இப்பத் தேவலை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அம்மனுக்குப் பொய் சொல்லிட்டோம்" என்றாள்.

"என்ன செய்யிறது?"

"இங்கயே நெசமா ஒண்ணு வேண்டிக்கிருவோம். வேண்டுனேன்னு சொன்னது அப்பப் பொய்யாகாதுல்ல. மூணு வருசம் முடிஞ்சதும் இதே தண்ணியில வந்து காலை நனைக்கிறோம்னு வேண்டிக்கங்க. நாலாம் வருசம்னு இழுக்கக் கூடாது."

"கூட யாரும் வரலாமா?"

"அதான் பழைய வேண்டுதல்லயே இருக்கே" என்றாள்.

கிளிஞ்சல் அள்ளி ஏற்றி முடிக்கும்வரை தட்டி மறைத்த அந்தக் கொட்டகையில் இருந்தார்கள். மீன் வாசம் முதலில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அவளுக்குப் புளிச்சோறு பிடிக்காது என்பது அங்கேதான் அவனுக்குத் தெரிந்தது. மூட்டை முழுக்கப் புளிச்சோறு. சின்னக்கருப்பனின் அக்கா புதுச் சட்டியில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் தூக்கத்தில் இழைப்புளி தள்ளுவதுபோலக் கையை ஆட்டுகிறான் என்று பிச்சையம்மாள் சொல்லித்தான் அவனுக்கே தெரியும். கூடத்தில் அவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

ஆவணியில் அவன் கப்பலேறினான். நாகப்பட்டினத்தை விட்டு விலகியதும் வேறு ஒரு கடல் வந்தது. கப்பலைத் தூக்கிப் போட்டதாம். மேல்தளத்தில் கிடந்தவர்கள் குலதெய்வத்தை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டிக் கடலை மட்டும் அவளுக்குக் காட்டியது நல்லதாயிற்று என்று நினைத்தானாம். கப்பலை ஆட்டிய அந்தப் பெரிய கடலைப் பற்றி அவன் ஊருக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை.

மூன்று வருஷம் முடிந்தபோது முதலாளி இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொன்னார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார். எல்லாரும் இருந்துவிடுவார்கள். நானும் அப்படி இருந்தவன்தான். அரசப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"தொண்டிக் கடல்ல ஒரு வேண்டுதல் பாக்கி இருக்குதுங்க. நாலாம் வருசம்னு இழுக்கக் கூடாது."

முதலாளியும் எங்கள் பக்கத்துக்காரர்தான். வேண்டுதலைத் தடுத்த பாவம் தனக்கு எதற்கு என்று நினைத்தார். "சரி, போய்ட்டு வாங்க ஆசாரி" என்றார்.

கப்பல் துறைவரை நான் கூடப் போனேன். காற்று பலமாக அடித்தது. 

"இந்தக் கடல் எப்படி இருக்கும்னு இன்னும் அவகிட்டச் சொல்லாமயா இருக்கே?" என்று கேட்டேன்.

"போனதும் சொல்லிருவேன். முன்னாடியே சொன்னா மூணு வருசமும் தூங்கியிருக்க மாட்டா. இப்பச் சொன்னா என்னைத் திருப்பி அனுப்ப மாட்டாள்ல" என்று சொல்லிவிட்டுத் தன் உளிப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

துரையின் மலைப் பங்களாவைப் பற்றி யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டி மறைத்த கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது. அவன் போய் இரண்டு ஆவணி ஆகிவிட்டது. அவன் இடத்தில் வேறு தச்சன் இழைக்கிறான். அரசப்பன் திரும்பி வரவில்லை, அந்தக் கடலைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டான் போலும்.