மிதந்த கற்கள்

குலசேகரத்து மிளகு வியாபாரி ராஜையன் யாரையும் நம்பியதில்லை. வருகிற மிளகைத் தண்ணீரில் போடுவார், மிதந்தால் கலப்படம். சரக்கைக் கொட்டிய பிறகு சாக்கையும் உதறிப் பார்த்துத்தான் ஆளை விடுவார்.

1953இல் மிஷன் ஆஸ்பத்திரியில் அவருடைய பித்தப்பையை எடுத்தார்கள். பத்தாம் நாள் நர்ஸ் ஞானபாய், அதற்குள் கிடந்த ஏழு கற்களைக் காயவைத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கற்களைத் தம்ளர் தண்ணீரில் கொட்டினார். ஏழும் மிதந்தன.

"இது கள்ளச் சரக்கு பிள்ளே. கல்லு எங்கயாவது மிதக்குமா?"

"ஆத்துக் கல்லு முங்கும் அண்ணாச்சி. இது பித்தத்தில உள்ள கொழுப்பு உறைஞ்சது, காஞ்சா மிதக்கும்."

"இனியும் வராதுன்னு என்ன உறுதி?"

"கல்லு மட்டும் எடுத்தா பின்னயும் வரும். அதனாலதான் பையோட எடுத்தாச்சு. ஈரல்ல ஊறுற பித்தம் இனி நேரே குடலுக்குப் போவும். எண்ணெயக் கொஞ்சநாள் குறைக்கணும். ஆறு வாரம் மூட்டை தூக்கப்பிடாது."

ராஜையன் தையலைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்ளரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, சரக்கு வந்தாச்சு. சாக்கு எங்க?"